ஆடியில் மேகம் ஏன் இரண்டு திசையில் ஓடுகிறது? நெல்லை மழையும் உயரத்துக் காற்றும்

பேட்டை முத்து

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி. ஆடி பிறந்ததிலிருந்து காற்று பேயாக அடிக்கிறது, மொட்டைமாடியில் துணி காயப்போட வழியில்லை. சாயங்காலம் அண்ணாந்து பார்த்தால் தாழ்வாக இருக்கும் சாம்பல் மேகமெல்லாம் மேற்கேயிருந்து கிழக்கே, பாபநாசம் பக்கமிருந்து தூத்துக்குடிப் பக்கமாக விரட்டிக்கொண்டு போகிறது. அதற்கும் ரொம்ப மேலே நார் நாராக வெள்ளை மேகம் இருக்கும் பாருங்கள், அது நேர் எதிராக, கிழக்கேயிருந்து மேற்கே நகர்கிறது. கண் ஏமாற்றுகிறதோ என்று செல்போன் கோபுரத்தின் நுனியை அடையாளம் வைத்து நின்று பார்த்தேன். சந்தேகமே இல்லை, எதிர்த்திசைதான்.

ஒரே வானத்தில் காற்று எப்படி இரண்டு பக்கமும் அடிக்கும்? அப்புறம், இவ்வளவு மேகம் நம் தலைக்கு மேலே ஓடியும் டவுனிலும் பாளையங்கோட்டையிலும் ஏன் ஒரு தூறல்கூட இல்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கோட்டைக்காரி

இரண்டாவதுக்கு நான் சொல்கிறேன் முத்து, எங்கள் ஊரில் இதை வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கேரளப் பக்கம் மலையில் ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது, அங்கேயே பெரும்பகுதி மழையைக் கொட்டிவிடுகிறது. உச்சியைத் தாண்டி வழிந்து வரும் மிச்சம்தான் எங்களுக்குச் சாரல், குற்றாலத்துக்கு அருவித் தண்ணீர். எங்களுக்கு ஆரியங்காவுக் கணவாய் வேறு திறந்து கிடக்கிறது, அதனால் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உள்ளே வரும். அங்கேயிருந்து காற்று கீழே இறங்க ஆரம்பித்தால் கதை முடிந்தது. இறங்கும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 10 டிகிரி சூடாகிறது, மேகம் கரைகிறது. பாவூர்சத்திரம் தாண்டும்போதே வெயில் அடித்துவிடும். உங்கள் தலைக்கு மேலே ஓடுவது வற்றிப்போன மேகம்.

பஸ்ஸில் தென்காசியிலிருந்து திருநெல்வேலி போகும்போது சன்னலோரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மலையோரம் மேகத்தின் அடிப்பகுதி இருண்டு, மரத்தைத் தொடுகிற மாதிரி தாழ்ந்திருக்கும். ஆலங்குளம் வரும்போது அதுவே துண்டு துண்டாகி, இடையில் நீலம் தெரியும்.

வல்லநாட்டு வானம்

அக்கா சொன்னது சரி. முதல் கேள்விக்கு நான் வருகிறேன், ஏனென்றால் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது, நம் ஊரிலிருந்து வெறும் கண்ணால் பார்க்க முடிகிற ஒரு பெரிய சங்கதி, ஆனால் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை.

தம்பி பார்த்தது இரண்டு வேறு காற்று. கீழே இருக்கும் மேற்குக் காற்று தரையிலிருந்து ஏறக்குறைய 6 கி.மீ. வரைக்கும்தான். அதிலும் பலமான பகுதி 1.5 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, அதாவது நம் பொதிகை மலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே. பி. வி. ஜோசப், பி. எல். ராமன் என்ற இரண்டு இந்திய வானிலையாளர்கள் 1966இல் ஜூலை மாதப் பலூன் பதிவுகளை வைத்து, தீபகற்பத்தின் மேலே இந்த உயரத்தில் மணிக்கு 75 முதல் 110 கி.மீ. வரை வேகமுள்ள ஒரு காற்றோட்டம் இருப்பதைக் காட்டினார்கள். 1969இல் ஃபிண்ட்லேட்டர் என்பவர் அதன் தொடக்கத்தைத் தேடிப்போய், கென்யா, சோமாலியாக் கரையோரம் பூமத்திய ரேகையைத் தாண்டி வரும் ஓட்டம்தான் இது என்று விளக்கினார். நம் வீட்டுக் கதவை அறைகிற ஆடிக் காற்று அந்த ஓட்டத்தின் அடிப்பகுதி.

6, 7 கி.மீ. உயரத்தில் காற்று தளர்ந்து, அதற்கு மேலே திசை மாறிவிடுகிறது. 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் கிழக்கேயிருந்து மேற்கே மணிக்கு 100 கி.மீ.க்கு மேல், சில நாள் 150ஐயும் தாண்டி ஓடுகிறது. இதை ‘வெப்பமண்டலக் கிழக்கு ஜெட்’ என்பார்கள். 1950களில் இதை முறையாக ஆராய்ந்து 1958இல் விரிவாக எழுதியவர் பி. கோடேஸ்வரம், பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தவர். அந்த உயரத்தில் இருப்பது முழுக்கப் பனித்துகள் மேகம், அதுதான் நார் நாராகத் தெரிகிறது. மெதுவாகப் போகிற மாதிரி தோன்றுவது தூரத்தினால். உண்மையில் கீழே ஓடும் சாம்பல் மேகத்தைவிட அது வேகம்.

ஏன் எதிர்த்திசை? பொதுவாக வடக்கே போகப் போகக் குளிர். அப்படி இருந்தால் உயரம் கூடக் கூட மேற்குக் காற்று வலுக்கும், வட இந்தியாவில் குளிர்காலத்தில் நடப்பது அதுதான். கோடையில் இது தலைகீழாகிறது. திபெத் பீடபூமி சராசரியாக நாலரை கி.மீ. உயரத்தில் இருக்கிறது, வெயில் அந்த உயரத்துக் காற்றை நேரடியாகச் சுட வைக்கிறது. வங்கக்கடலிலும் வட இந்தியாவிலும் பெய்யும் மழையும் நீராவி குளிரும்போது வெளிவரும் வெப்பத்தை மேலே கொட்டுகிறது. ஆக அந்த உயரத்தில் நமக்கு வடக்கே சூடு, தெற்கே குளிர். திபெத்துக்கு மேலே பெரிய உயர் அழுத்தம் உருவாகி, அதிலிருந்து தெற்கே வழியும் காற்றைப் பூமியின் சுழற்சி வலப்பக்கம் திருப்பிவிட, அது கிழக்குக் காற்றாகி நம் தலைக்கு மேலே ஓடி ஆப்பிரிக்கா வரை போகிறது. கீழே உள்ளே வரும் காற்றும் மேலே வெளியே போகும் காற்றும் ஒரே சுற்றின் இரண்டு பாதி. அதனால் பருவமழையைப் பற்றிப் பேசும்போது கீழ்க்காற்றை மட்டும் வைத்துப் பேசினால் பாதிதான் பேசுகிறோம் என்பது என் உறுதியான கருத்து.

பணகுடி காத்தாடி

அண்ணாச்சி, நான் காற்றாலையில் வேலை பார்க்கிறவன். படிப்பதற்கு நன்றாக இருக்கிறது, ஆனால் நான் உடன்படவில்லை. 15 கி.மீ. உயரத்தில் எது எந்தப் பக்கம் ஓடினால் நமக்கென்ன? எங்கள் பக்கம் காற்றைத் தீர்மானிப்பது ஆரல்வாய்மொழிக் கணவாய். மலை இரண்டு பக்கமும் நெருக்குகிறது, நடுவில் காற்று பிதுங்கி வேகமெடுக்கிறது. முப்பந்தல், பணகுடி, காவல்கிணறு எல்லாம் அதனால்தான் காற்றாலைக் காடாக இருக்கிறது. கணவாய்க்கு நேர் இல்லாத இடத்தில் வைத்த காத்தாடி அதே நாளில் சோம்பலாகச் சுற்றும். வித்தியாசம் கண்ணுக்கு முன்னாலேயே தெரிகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். மே முதல் செப்டம்பர் வரை காத்தாடியின் மூக்கு மேற்கே பார்த்தபடியே நிற்கும், திரும்புகிற வேலையே கிடையாது. அக்டோபரில்தான் சிரமம். காற்று எந்தப் பக்கம் என்று நிலையில்லாமல் மாறும், மேலே இருக்கிற திசைகாட்டி சொல்லச் சொல்லத் தலை சுற்றிக்கொண்டே இருக்கும், கோபுரத்துக்குள்ளே தொங்குகிற கேபிள் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் அதுவே எதிர்ப்பக்கம் சுற்றி முறுக்கை அவிழ்க்க வேண்டும். இதெல்லாம் நிலத்தோடு ஒட்டிய காற்று. எங்களுக்கு 100, 120 மீட்டர்தான் உலகம்.

வல்லநாட்டு வானம்

கணவாயை நான் மறுக்கவே இல்லை தம்பி. எந்த இடத்தில் அதிகம் அடிக்கும் என்பதைக் கணவாய் சொல்லும். எந்த வாரம் அடிக்கும், எந்த வாரம் படுக்கும் என்பதைக் கணவாய் சொல்லுமா? கணவாய் போன வாரமும் அங்கேதான் இருந்தது. ஆனால் உங்கள் மின் உற்பத்தி எல்லா வாரமும் ஒரே மாதிரியா இருக்கிறது?

வடக்கு வங்கக்கடலில், ஒடிசாப் பக்கம், ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி அங்கே மழை கொட்டினால், இரண்டு மூன்று நாளில் நம் தீபகற்பத்தின் மேலே மேற்குக் காற்று வலுக்கும். இதை ஆய்வாகவே செய்து காட்டியிருக்கிறார்கள், மழை தரும் வெப்பம் முன்னே, காற்று பின்னே. நான் பல வருஷமாகக் கவனித்து வருகிறேன், குற்றாலத்தில் சீசன் படுத்துக் கிடக்கும்போது வங்கக்கடல் தாழ்வுச் செய்தி வந்தால் அடுத்த சில நாளில் பெரும்பாலும் அருவி எழுந்துவிடும். 1,500 கி.மீ. தள்ளிப் பெய்த மழை உங்கள் காத்தாடியைச் சுற்றுகிறது. அந்த மழை நிற்காமல் பெய்ய வேண்டுமென்றால் மேலே போன காற்று வெளியேற வழி வேண்டும், அந்த வழியில்தான் முத்து பார்த்த வெள்ளை மேகம் போகிறது.

பணகுடி காத்தாடி

ஒடிசா விஷயம் யோசிக்க வேண்டியதுதான். எங்கள் கட்டுப்பாட்டு அறையில் தினசரி உற்பத்திக் கணக்கு இருக்கிறது, வங்கக்கடல் தாழ்வு வந்த தேதிகளை அதோடு பொருத்திப் பார்க்கிறேன். கணவாய் இல்லாமல் இவ்வளவு இல்லை என்பதில் மட்டும் நான் மாற மாட்டேன்.

உவரிக் கரை

எனக்கு வேறு ஒரு சந்தேகம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மன்னார் வளைகுடா, குமரிக்கடல் எச்சரிக்கை என்று தினமும் வரும். மணிக்கு 45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65 கி.மீ., மீனவர்கள் போக வேண்டாம் என்று. எங்கள் வீட்டில் வள்ளத்தைக் கரையேற்றி வைத்துவிட்டு அந்த அறிவிப்பைத்தான் காலையில் முதலில் கேட்போம். காற்று, அலை இரண்டும் இருக்கிறது, கடலும் சூடாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மாதங்களில் எங்கள் பக்கம் புயல் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. புயலெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில்தான் வருகிறது. ஏன்?

வல்லநாட்டு வானம்

இந்தக் கேள்விக்காகவே இந்த இழை நீளலாம். புயல் என்பது கடலிலிருந்து 15 கி.மீ. உயரம் வரை நேராக நிற்க வேண்டிய ஒரு தூண். அது நிமிர்ந்து நின்றால்தான் நடுவில் சூடு சேரும், அழுத்தம் குறையும். ஆடி மாதம் கீழே மேற்குக் காற்று காலைக் கிழக்கே இழுக்கிறது, மேலே கிழக்கு ஜெட் தலையை மேற்கே இழுக்கிறது. தூண் நிற்குமா? உருவாகும் இடிமேகக் கூட்டத்தின் உச்சி பிய்ந்து அரபிக்கடல் பக்கம் போய்விடுகிறது. அதனால் ஜூலை, ஆகஸ்டில் வங்கக்கடலில் தாழ்வு வரும், காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வரும், பெரும்புயலாக வளர்வது அபூர்வம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் மேலுக்கும் கீழுக்கும் காற்றின் வித்தியாசம் குறைகிறது, தூண் நிற்கிறது. கடல் சூடு தேவைதான், ஆனால் சூடு மட்டும் போதாது.

ஒக்கிப் புயலை உங்கள் கரையில் மறந்திருக்க மாட்டார்கள். 2017 நவம்பர் கடைசியில் இலங்கைக்கும் குமரிக்கும் இடையில் வேகமாக வலுத்து, குமரியை உரசிக்கொண்டு லட்சத்தீவுப் பக்கம் போனது. அதுவரை அதைத் தள்ளியது நடு உயரத்துக் கிழக்குக் காற்று. அரபிக்கடலில் வடக்கே ஏறியதும் வடநாட்டுக் குளிர்கால மேற்குக் காற்றின் பிடியில் சிக்கி வடகிழக்கே திரும்பி குஜராத்தை நோக்கிப் போனது. அங்கே மேலே பலமான மேற்குக் காற்று தலையைத் தள்ள, கடலும் குளிர்ந்திருக்க, டிசம்பர் 5 இரவு சூரத் பக்கம் கரையைத் தொடும்போது பலமிழந்துவிட்டது. உருவானது, திரும்பியது, செத்தது மூன்றுமே உயரத்துக் காற்றின் கணக்கு. நம் கரையில் போன உயிர்கள் போனதுதான். அந்த நாட்களில் மேலே இருந்த காற்றை ஒரு மீனவக் குடும்பம் கையில் வைத்துப் படித்துப் பார்க்கிற வசதி இருந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு ஆதங்கம் உண்டு.

உவரிக் கரை

எங்கள் பக்கத்து ஊர்களிலும் குமரி மாவட்டத்திலும் இன்னும் அந்த வீடுகளில் துக்கம் ஆறவில்லை அண்ணாச்சி. இந்த விளக்கத்தை எங்கள் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

பிசானம்

நான் அம்பாசமுத்திரம் பக்கம் விவசாயி. கார் நெல்லுக்கு ஜூன் 1ஆம் தேதி பாபநாசம் அணையைத் திறப்பது வழக்கம், அதற்குத் தென்மேற்கு வேண்டும். அடுத்த போகமான பிசானத்துக்கு வடகிழக்கு. எனக்கு இரண்டு காற்றும் சோறு போடுகிறது. என் கேள்வி 2023 டிசம்பர் பற்றி. செய்தியில் புயல் என்று சொல்லவில்லை, தாழ்வு மண்டலம் என்றுகூடச் சொல்லவில்லை, குமரிக்கடலில் ‘வளிமண்டலக் கீழடுக்கு சுழற்சி’ என்றுதான் சொன்னார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஆறு ஜங்ஷன் பஸ் நிலையத்துக்குள் வந்தது, குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். வெறும் சுழற்சி எப்படி இதைச் செய்யும்?

வல்லநாட்டு வானம்

பெயரில் பயமில்லை என்பதற்காக மழை குறைவாக இருக்காது, இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். புயல் என்ற பெயர் காற்றின் வேகத்துக்குக் கொடுப்பது. மழைக்கு வேண்டியது மூன்று: ஈரம் ஓயாமல் வர வேண்டும், வந்தது ஒரே இடத்தில் குவிந்து மேலே ஏற வேண்டும், இந்த ஏற்பாடு நகராமல் நிற்க வேண்டும். அன்றைக்கு மூன்றும் கூடியது. வங்கக்கடலிலிருந்தும் மன்னார் வளைகுடாவிலிருந்தும் கிழக்குக் காற்று கரையில் வந்து மோதிக்கொண்டே இருந்தது, மேற்கே மலை மறித்தது, சுழற்சியும் சீக்கிரம் விலகவில்லை. ஒரு சுழற்சியை நகர்த்துவது அதைச் சூழ்ந்திருக்கும் நடு உயரத்துக் காற்று, ஐந்தாறு கி.மீ. உயரத்தில் இருப்பது. அது தள்ளினால் ஒரே நாளில் லட்சத்தீவு போய்விடும், நமக்கு ஐந்தாறு செ.மீ. மழையோடு முடியும். அது தளர்ந்தால் தாமிரபரணி ஊருக்குள் வரும்.

அதனால் செய்தியில் சுழற்சி எங்கே என்று கேட்பதோடு விடாமல், நகர்கிறதா நிற்கிறதா என்றும் கேளுங்கள் ஐயா. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

பேட்டை முத்து

நான் போட்ட கேள்வி எங்கெங்கோ போய்விட்டது, நன்றி எல்லோருக்கும். கிருஷ்ணாபுரம் பக்கம் உயரத்துக் காற்றை அளக்க ஒரு ரேடார் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதை வைத்து நமக்கு மழை சொல்ல முடியாதா?

வல்லநாட்டு வானம்

இருக்கிறது, இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அது. 1990களின் தொடக்கத்திலிருந்து அங்கே ஒரு ரேடார் ஏறக்குறைய 70 முதல் 98 கி.மீ. உயரம் வரையுள்ள காற்றை அளந்து வந்திருக்கிறது. உலகத்து ஆய்வுக் கட்டுரைகளில் ‘திருநெல்வேலி’ என்ற பெயர் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான், நமக்குப் பெருமையான விஷயம். காந்தப் பூமத்திய ரேகை, அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் கோடு, நம் பக்கம் போவதால் இந்த இடம். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து போன முதல் ராக்கெட்டும் மேலே சோடியம் ஆவியை விட்டு, அந்த ஆரஞ்சு நிற மேகம் எப்படி இழுபட்டுப் போகிறது என்று காற்றை அளக்கப் போனதுதான்.

ஆனால் அது நம் மழைக்கு ரொம்ப மேலே. மழை மேகம் 16, 17 கி.மீ.க்குள் முடிந்துவிடுகிறது. அதற்கும் மேலே 20, 30 கி.மீ.யில் பூமத்திய ரேகையைச் சுற்றி ஒரு காற்று இருக்கிறது, சராசரியாக 28 மாதத்துக்கு ஒரு சுற்றாகக் கிழக்கும் மேற்கும் மாறி மாறி அடிக்கும், 1883இல் கிரகடோவா எரிமலைச் சாம்பல் கிழக்கேயிருந்து மேற்கே உலகைச் சுற்றி வந்தபோதுதான் அந்த உயரத்தில் கிழக்குக் காற்று வீசுவது முதலில் தெரிய வந்தது. அறிவுக்கு இதெல்லாம் வேண்டும். நாளைக்குக் குடை எடுக்கலாமா என்பதற்கு உதவுவது பலூன். தினமும் காலை, மாலை ஐந்தரை மணிக் கணக்குக்கு வானிலைத் துறை பலூன் விடுகிறது, நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம். 30 கி.மீ. வரை ஏறி வெடிக்கும், அதுவரை ஒவ்வொரு உயரத்திலும் காற்று, வெப்பம், ஈரம் எல்லாம் சொல்லும்.

செங்கோட்டைக்காரி

ஃபோனிலேயே பார்க்கலாம் முத்து. விண்டி செயலியில் உயரத்தை மாற்ற ஒரு கோடு இருக்கும். 1,500 மீட்டரில் வைத்தால் ஆடிக் காற்று மேற்கேயிருந்து வருவது தெரியும், அப்படியே மேலே தள்ளிக்கொண்டு போனால் ஒரு இடத்தில் காற்று செத்து, அதற்கு மேலே எல்லாம் எதிர்ப்பக்கம் திரும்பும். அண்ணாச்சி சொன்னது படமாகவே வந்துவிடும். நான் சாரலுக்கு ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்ப்பேன். 1,500 மீட்டரில் காற்று பலமாக இருந்து, 3,000 மீட்டரிலும் ஈரம் நிறைந்திருந்தால் அருவியில் தண்ணீர் நன்றாக விழும். கீழே மட்டும் ஈரம், மேலே வறட்சி என்றால் வெறும் காற்றுதான், வருகிற கூட்டம் ஏமாந்து திரும்பும்.

பிசானம்

கடைசியாக ஒன்று. பிசானத்துக்கு நாற்றுப் பாவ வேண்டும், வடகிழக்கு உண்மையிலேயே வந்துவிட்டது என்று எதை வைத்து நம்புவது? ஒரு வருஷம் செப்டம்பர் கடைசியில் நாலு நாள் மாலையில் இடி மழை அடித்ததைப் பார்த்து எங்கள் பக்கம் பலர் பாவிவிட்டார்கள், அதற்கப்புறம் மூன்று வாரம் வானம் வெளுத்துக் கிடந்தது.

வல்லநாட்டு வானம்

செப்டம்பர் மாலை இடி மழை வேறு கணக்கு ஐயா. மேற்குக் காற்று தளர்கிற நாட்களில் கடல்காற்று உள்ளே நுழையும், தரைச் சூட்டோடு சேர்ந்து இடிமேகம் எழும், ஊருக்கு ஊர் மாறிப் பெய்யும். அது வடகிழக்குப் பருவம் இல்லை.

வானிலைத் துறை என்ன பார்க்கிறதோ அதையே நீங்களும் பாருங்கள். அக்டோபர் 10க்கு முன்னால் அவர்கள் அறிவிப்பதில்லை, சராசரித் தேதி 20. தென்மேற்கு கரையோர ஆந்திரா வரைக்கும் விலகியிருக்க வேண்டும், தமிழகக் கரையில் கிழக்குக் காற்று நிலைத்து வீச வேண்டும், மழை பரவலாக இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கிழக்குக் காற்றுக்கு ஆழம் வேண்டும், 1.5 கி.மீ. உயரம் வரையாவது. தரையில் மட்டும் கிழக்கு, ஒரு கி.மீ.க்கு மேலே இன்னும் மேற்கு என்றால் காத்திருங்கள். அக்கா சொன்ன அதே கோட்டை 1,500 மீட்டரில் வைத்து, தூத்துக்குடிக் கரையில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கிழக்கு காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் விதையை ஊற வையுங்கள், அணை நீர்மட்டத்தையும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.